தானாக ஏறிய திரை

அத்தியாயம் பதினான்கு

வேலை போன ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்தால் ஒன்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும், இல்லை சமையலறையில் ஏதாவது உடையும். கமாவின் வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கமா என்பது அவளுடைய பெயர் இல்லை. பள்ளிப் புத்தகம் அச்சிடும் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுக்கிறாள். ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட அவளுக்குத் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் கணவர் கிண்டலாக வைத்த பெயர், இப்போது மாடிவீட்டுக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். போன மாதத்திலிருந்து சஸ்பெண்ட் ஆன லிஃப்ட் மெக்கானிக்.

வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு அந்தச் சாவி மறந்திருக்காது. புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்ணும் அவள் கைக்குழந்தையும். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமைத் திறந்தால்தான் லிஃப்டைக் கையால் இறக்க முடியும். அதன் சாவி காவலாளி அறைக் கொக்கியில் இல்லை. கதவை உடைத்து இறக்குவதற்குள் குழந்தை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனது. நல்லவேளை, பிழைத்துவிட்டது. கடைசியாக அந்த மெஷின் ரூமில் வேலை பார்த்தவர் கமாவின் கணவர். பூட்டிவிட்டு, சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வந்தேன் என்கிறார் அவர். மாட்டியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இன்று மாலை நாலு மணிக்கு விசாரணை. தலைமை அலுவலகம் தொலைவில் இருப்பதால் கம்ப்யூட்டர் வழியாகவே நடத்தப்போகிறார்கள். தப்பு அவர் மேல்தான் என்று முடிவானால் வேலை போகும், லைசென்ஸும் போகும். அதற்கப்புறம் லிஃப்டுக்குள் ஒரு பல்பு மாற்றக்கூட யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

இப்படி ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? நாலு பேரைப் போய்ப் பார்க்க வேண்டும், யூனியன் ஆளிடம் பேச வேண்டும், குறைந்தபட்சம் பெண்டாட்டியிடமாவது புலம்ப வேண்டும். அவரோ பழைய இரும்புக் கடைக்குப் போய், மீந்து கிடந்த குழாய்த் துண்டு இரண்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்கு இது?" என்று கேட்டாள் கமா.

"உன் கழுத்துக்கு."

"என் கழுத்து நாலு வருஷமா வலிக்குது. இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"இப்பத்தான் நேரம் கிடைச்சுது."

கம்ப்யூட்டர் திரையைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை. ஏற்றலாம், இறக்கலாம், பக்கவாட்டில் திருப்பலாம். கடையில் வாங்கலாமே என்றால், கடைக் கையை எல்லாம் ஸ்பிரிங் போட்டு ஏமாற்றி வைத்திருக்கிறான் என்றார். பால்கனியில் உட்கார்ந்து அறுத்தார், ராவினார், துளை போட்டார். திரையின் முதுகில் நாலு திருகுத் துளை உண்டு. அதற்குப் பொருந்தும்படி ஒரு தகட்டில் நாலு துளை போட்டு, மாட்டிப் பார்த்து, ஒரு நூல் தள்ளிப் போயிருக்கிறது என்று அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வெட்டினார். மேஜை விளிம்பைக் கிளாம்ப் போட்டுக் கவ்வும் ஒரு தூண். தூணின் உச்சியில் சைக்கிள் பெடலிலிருந்து கழற்றிய பேரிங். அதன்மேல் குறுக்கே குழாய். குழாயின் ஒரு முனையில் திரை, மறுமுனையில் கொக்கி, கொக்கியில் நட்டும் போல்ட்டும் நிரப்பிய பால் பவுடர் டப்பா.

"இது என்ன, டப்பா தொங்குது? பாக்க சகிக்கல."

"கவுன்ட்டர் வெயிட். லிஃப்டுக்குப் பின்னாடியும் இதுதான் இருக்கு. நீ பாத்ததில்ல."

"ஒரு திருகைப் போட்டு இறுக்கி நிறுத்தினா நிக்காதா?"

"இறுக்கிப் பிடிச்சு நிறுத்துறது ஒரு வேலையா கமா? எடை பாத்து நிறுத்தணும்."

நேற்று மாலை முழுவதும் அவர் செய்தது அந்த எடை பார்க்கும் வேலைதான். ஒரு நட்டைப் போடுவார், திரை மயிரிழை ஏறும். எடுப்பார், இறங்கும். வாஷரைப் போடுவார், பல்லைக் கடிப்பார். கடைசியில் திரையை ஒரு விரலால் தொட்டால் போயிற்று, விரலை எடுத்தால் எடுத்த இடத்தில் நின்றது. அவர் படுக்கப் போனபிறகு கமா அதில் இரண்டு பாடம் முடித்தாள். கழுத்து வலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. திரையைக் கண் மட்டத்தில் நிறுத்தி, துணியைப் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்தாள்.

இந்த ஆள் எதையோ மறைக்கிறார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை, சரிதான். ஆனால் வேலை போகப்போகிற நேரத்தில் இவ்வளவு நிதானமாக வாஷர் பொறுக்கும் மனிதனுக்கு மடியில் கனம் இல்லையா, இல்லை கனத்தை வேறெங்காவது இறக்கி வைத்துவிட்டாரா? இந்தக் கேள்வியோடுதான் அவள் தூங்கினாள்.

காலையில் வீடு காலியாக இருந்தது. கம்பெனிக் கருவிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லியிருந்ததால் கணவர் விடிவதற்கு முன்பே வட்டார அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். கூடத்தில் படுத்திருந்த தம்பியின் தூக்கம் கெடக்கூடாது என்று விளக்குகூடப் போடவில்லை. தம்பி, கமா குளித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து, கதவுக்கு வெளியிலிருந்தே "அக்கா, நான் வெளிய போயிட்டு மத்தியானம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தம்பிக்குச் சுண்டு என்று பெயர் வந்ததற்குக் காரணம் கமாவின் சுண்டுவிரல். அம்மா இறந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. தெருவில் போனால் அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். கமாவுக்குக் கல்யாணமானபோது கூடவே வந்தான், அப்படியே இருந்துவிட்டான். கணவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தன் கம்பெனியிலேயே அவனை உதவியாளாகச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

தலையைத் துவட்டிக்கொண்டே கமா கூடத்துக்கு வந்தாள். துணி கீழே விழுந்து கிடந்தது. திரை அவள் தலைக்கு மேல், எட்டும் மட்டும் ஏறி நின்றது.

ஒரு விரலால் கீழே இழுத்தாள். வந்தது. விரலை எடுத்தாள். அவசரமே இல்லாமல் மறுபடி மேலே போனது. இழுத்தாள், போனது.

"வீம்பு பண்ணுது பார்" என்று முணுமுணுத்தாள். இரவு நின்ற இடத்தில் காலையில் ஏன் நிற்கவில்லை? திரை ஏறுகிறது என்றால் மறுபக்கம் கனத்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள லிஃப்ட் மெக்கானிக் வேண்டாம், காய்கறிக்காரர் தராசைப் பார்த்திருந்தால் போதும். ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டப்பாவைக் கழற்றி மேஜையில் வைத்தாள். திரை கையை அழுத்த, தலையணை ஒன்றை அதன் அடியில் கொடுத்தாள். பிறகு டப்பாவைத் திறந்து தாம்பாளத்தில் கொட்டினாள்.

நட்டு, போல்ட்டு, வாஷர், துருப்பிடித்த பழைய பூட்டு ஒன்று. எல்லாவற்றோடும் ஒரு சாவி.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காக உள்ளங்கை நீளத்துக்கு இரும்புப் பட்டை கோர்த்த மெஷின் ரூம் சாவி. பட்டையில் ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு. தன் பொறுப்பில் உள்ள சாவிக்கெல்லாம் மஞ்சள் பொட்டு வைப்பது அவளுடைய கணவரின் பழக்கம்.

கமா நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தைக்கு மூச்சுத் திணறியது நினைவுக்கு வந்தது. அந்தச் செய்தியைச் சொன்ன அன்று அவர் சாப்பிடாமல் படுத்ததும், "நான் மாட்டினேன் கமா, என் கையால மாட்டினேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னதும், அவள் அதை நம்பி அவர் முதுகைத் தடவிக் கொடுத்ததும் வரிசையாக நினைவுக்கு வந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல, இரும்பை இரும்புக்குள் மறைத்திருக்கிறார். அதற்குத்தான் கழுத்துவலி என்று ஒரு சாக்கு. கோபத்தைவிட அவமானம்தான் அவளுக்கு அதிகமாக வந்தது.

சாவியை என்ன செய்வது? கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர்ப் பைக்கு அவளே தைத்த ஒரு துணி உறை உண்டு, எப்போதும் நாற்காலி முதுகில் தொங்கும். சாவியை அதற்குள் போட்டாள். நட்டுகளை டப்பாவில் அள்ளிப்போட்டுக் கொக்கியில் மாட்டித் தலையணையை உருவினாள். திரை கண் மட்டத்தில் அசையாமல் நின்றது. அந்த நேரத்தில் அவளுக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை.

போன் அடித்தது. சுண்டு.

"அக்கா, மாமா வந்துட்டாரா?"

"இல்ல. ஏன்டா?"

"சும்மாத்தான். சாயந்திரம் விசாரணை இருக்குல்ல, அந்த மேஜையில எதையும் எடுத்து மாத்தி வைக்காத. எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். கேமராவுல இயற்கையா தெரியணும் பாரு."

"சரிடா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்கா. வச்சிடறேன்."

பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு அக்கறை இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். கட்டினவர் பொய் சொல்கிறார், உடன்பிறந்தவன் ஓடி ஓடிச் செய்கிறான். கண் கலங்கியது.

கணவர் வரும்போது மதியம் ஆகிவிட்டது. கருவிப் பெட்டி இல்லாத தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தண்ணீர் குடித்தார். நேராக மேஜைக்குப் போய், திரையை ஒரு விரலால் தள்ளி, அது நின்றதைப் பார்த்து, லேசாகச் சிரித்தார். டப்பாவின் பக்கம் அவர் கண் போகவே இல்லை.

நடிக்கிறார் என்று நினைத்தாள் கமா. "சாவி கிடைச்சுதாமா? ஆபீஸ்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"நீங்க கொக்கியிலதான் மாட்டினீங்க?"

"நூறு தடவை சொல்லிட்டேன்."

"நூத்தியோராவது தடவை சொல்லுங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "கொக்கியில மாட்டினேன். பட்டை சுவத்துல இடிச்சு டங்குன்னு சத்தம் வந்துது. அந்தச் சத்தம்கூட ஞாபகம் இருக்கு. நீயே நம்பலன்னா சாயந்திரம் அவங்க எப்படி நம்புவாங்க?"

கமா கிட்டே போய் டப்பாவைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"நட்டு, போல்ட்டு. அந்தப் பழைய பூட்டு. ஏன்?"

"வேற ஏதாவது போட்டா என்ன ஆகும்?"

கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். திருடனாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு நொடி தடுமாற வேண்டும். அவரோ, பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டுவிட்ட வாத்தியார் போலக் குஷியாகிவிட்டார். "இப்படிப் பாரு" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றினார், டப்பாவின் மூடியைத் திறந்தார், உள்ளே போட்டார்.

திரை மெல்ல ஏறத் தொடங்கியது. காலையில் ஏறிய அதே சோம்பேறித்தனமான ஏற்றம்.

"பாத்தியா? இவ்வளவுதான் கனம், போயிட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் கை டப்பாவுக்குள் போயிற்று. பேச்சு அவள் பக்கம் இருந்தது, கை தன்பாட்டுக்கு ஒரு போல்ட்டை எடுத்தது, போதவில்லை, இரண்டு வாஷரையும் எடுத்தது. திரை நின்றது. கடிகாரம் உள்ளேயே இருந்தது. ஏறிக்கொண்டிருந்த ஒன்றை அப்படியே ஏறவிட்டுவிட்டு நிற்க அவர் கைக்குத் தெரியவில்லை.

கமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த மனிதர் சாவியை ஒளித்திருந்தால் அதே கனத்துக்கு நட்டைக் குறைத்திருப்பார். இருட்டில் இருந்தாலும் குறைத்திருப்பார். திரை ஒரு நூல்கூட ஏறியிருக்காது, அவளும் டப்பாவைத் திறந்திருக்க மாட்டாள். சாவியை அதில் போட்டவனுக்கு அது எதிர் எடை என்று தெரியாது. ஏதோ ஆணி டப்பா, இரும்போடு இரும்பாகக் கிடக்கும் என்று போட்டுவிட்டு, திரை ஏற ஆரம்பிப்பதற்குள் போய்விட்டவன்.

நேற்று மாலை முழுவதும் வேலைக்குப் போயிருந்தவன். எடை பார்த்ததைப் பார்க்காதவன். இன்று காலையில் கூடத்தில் தனியாக இருந்தவன்.

எதையும் மாத்தி வைக்காத அக்கா.

"என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் கணவர்.

"கழுத்து" என்றாள் கமா. "நீங்க போய்ச் சட்டை மாத்துங்க."

அவர் உள்ளே போனதும் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து தப்பான ஆள்மேல் கொண்டிருந்த கோபத்துக்காக வந்ததா, இனி சரியான ஆள்மேல் கொள்ள வேண்டிய கோபத்துக்காக வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. சுலபமாக ஒரு பொய் வழி இருந்தது. சாவியைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம். தம்பி தப்பிப்பான். ஆனால் சாவி கிடைக்காதவரை பழி கணவர் தலையில்தான் இருக்கும். சாவியைக் காட்டினால் தம்பி ஜெயிலுக்குப் போனாலும் போவான். ஒரு கண்ணைக் காப்பாற்ற இன்னொரு கண்ணைக் கொடு என்றால் அவள் எதைக் கொடுப்பாள்?

அவன் வாயாலேயே ஒரு வார்த்தை உண்மை வரட்டும், பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். வந்துவிட்டால் மூன்று பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம்.

சுண்டு மூன்றரை மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே அவன் பார்வை மேஜைக்குப் போய், டப்பாவில் ஒரு கணம் நின்று, திரும்பியது. காலையில் கவனித்திருக்கவே மாட்டாள். இப்போது அவளுக்கு எல்லாமே தெரிந்தது.

"சுண்டு, காலையில கம்ப்யூட்டர்கிட்டப் போனியா?"

"நானா? இல்லையே. ஏன்கா?"

"துணி கீழ விழுந்து கிடந்துது."

"காத்துல விழுந்திருக்கும்."

"ஜன்னல் சாத்தியிருந்துதேடா."

"அப்ப மாமா கிளம்பும்போது தட்டிவிட்டிருப்பாரு." அவன் சிரித்தான். "என்னக்கா, போலீஸ் மாதிரி கேக்குற."

"உன் மனசுல ஏதாச்சும் இருந்தா என்கிட்டச் சொல்லுடா. இப்பச் சொன்னா இப்பவே தீத்துடலாம்."

அவன் வாய் திறந்தது. ஏதோ வரப்போகிறது என்று அவள் ஒரு அடி கிட்டே போனாள். உள்ளேயிருந்து கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "மச்சான், வந்துட்டியா? நீ இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும். கூட நில்லு."

"நிக்கிறேன் மாமா" என்றான் சுண்டு. திறந்த வாய் மூடிக்கொண்டது.

நாலு மணிக்குத் திரையில் இரண்டு கட்டங்களில் இரண்டு முகங்கள் வந்தன. ஒன்று தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்கும் அம்மா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்ப்பவர். மற்றது வட்டார மேலாளர். கீழே மூலையில் சின்னதாக இன்னொரு கட்டம், அதில் கணவரின் முகம். திரையின் உச்சியில் ஒட்டியிருந்த கேமரா பிடிப்பது அது. கமா வெந்நீர்ப் பை உறையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். உறைக்குள் தண்ணீர்ப் பை இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சுண்டு பின்னால் கதவோரம் நின்றான்.

அந்த அம்மா கேட்டார், கணவர் சொன்னார். பூட்டினேன், மாட்டினேன், சத்தம் கேட்டது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது வட்டார மேலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். சாவி இவர் வீட்டுலயே இருக்குன்னு எனக்கு ஒரு தகவல் வந்திருக்கு. மேஜையைச் சுத்தி இருக்கிற சாமான்களைக் கொஞ்சம் காட்டச் சொல்லலாமா? ஆணி டப்பா மாதிரி ஏதாவது இருந்தா அதையும்."

"என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே" என்றார் அந்த அம்மா.

"இப்பத்தான் வந்துது மேடம்."

கணவருக்கு எதுவும் புரியவில்லை. "ஆணி டப்பா எதுவும் இல்ல சார். இது கவுன்ட்டர் வெயிட். இதைக் கழட்டினா நீங்க ரெண்டு பேரும் கீழ விழுந்துடுவீங்க."

"பரவாயில்ல, காட்டுங்க" என்றார் அந்த அம்மா. அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

கமா ஒரு கையால் திரையைத் தாங்கிக்கொண்டாள். கணவர் டப்பாவைக் கழற்றி முன்பக்கம் கொண்டுவந்து தாம்பாளத்தில் கொட்டினார். நட்டு, போல்ட்டு, பழைய பூட்டு, அவருடைய கைக்கடிகாரம். விரலால் கலைத்துக் காட்டினார். வட்டார மேலாளர் தன் திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும் மாமா" என்றது கதவோரக் குரல். "டப்பாவை நல்லாத் தட்டிப் பாருங்க."

சொன்னபிறகுதான் சுண்டுவுக்கே தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கணவர் டப்பாவைக் கையில் வைத்தபடி மெதுவாகத் திரும்பி மச்சானைப் பார்த்தார். எது ஒட்டிக்கொண்டு இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே அவர் முகம் வாடியதைக் கமா பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் மச்சானோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் முகம் அது. ஒருநாள் அவரைச் சந்தேகப்பட்ட பாவத்துக்கு இதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒண்ணும் இல்லையே" என்றார் அந்த அம்மா. "டப்பாவை மாட்டிடுங்க. மேலே பேசலாம்."

கணவர் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டு டப்பாவை மாட்டினார். மாட்டிய பிறகு திரை அவர் வைத்த இடத்தில் நின்றது. கமா கையை எடுத்தாள். சுண்டுவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். வேண்டாம் அக்கா என்று. கண் முழுக்கப் பயம். தெருவில் நாய் துரத்தினால் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் பார்ப்பான். அந்த விரல் இப்போது உறைக்குள் இரும்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றாள் கமா. "சாவி இந்த டப்பாவிலதான் இருந்துது. காலையில நான்தான் எடுத்தேன். இப்பத் திருப்பி அதே இடத்துல போடறேன், பாருங்க."

உறைக்குள்ளிருந்து சாவியை எடுத்தாள். மஞ்சள் பொட்டைக் கண்டதும் கணவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவள் மூடியைத் திறந்து சாவியை உள்ளே போட்டாள். டங் என்று ஒரு சத்தம்.

திரை ஏறத் தொடங்கியது. அவசரமே இல்லாமல் ஏறியது. கணவர் பழக்கத்தில் டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார். கமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. ஏறட்டும்."

மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் கணவரின் முகம் கீழே இறங்கியது. நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு உச்சிமுடி, பிறகு அதுவும் இல்லை. அவர் இருந்த இடத்தில் சுவர் வந்தது. சுவருக்கு அப்புறம் கதவு வந்தது. கதவோரம் நிற்கும் ஆள், கால் முதல் தலை வரை, நட்டநடுவில் வந்து நின்றான்.

"பின்னால நிக்கிறது யாரு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"என் தம்பி, மேடம்" என்றாள் கமா. "சாவி எப்படி இங்க வந்துதுன்னு அவன் சொல்லுவான்."

சுண்டு அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களே சொல்லிடுங்க சார்" என்றான்.

வட்டார மேலாளர் இருந்த கட்டம் சட்டென்று கறுத்தது.